புழுக்களின் கதை – 17: அழையாத காவல்காரர்கள்

2014-இன் கடைசி மாதங்களில் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் தம் வீட்டு ரூட்டரின் போக்கில் ஏதோ மாறியிருப்பதைக் கவனித்தார். உள்ளே போய்ப் பார்த்தால் அவர் போடாத நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரூட்டர் அவருக்குத் தெரியாமலே ஒரு பாட்நெட்டில் சேர்ந்துவிட்டிருந்தது. தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கான ரூட்டர்களோடும் கேமராக்களோடும் பேசிக்கொண்டிருந்தது. இதுவரை வந்த பகுதிகளைப் படித்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் தெரியாது. பாட்நெட் என்றால் அடுத்து என்ன? ஸ்பாம் அனுப்பும், யாருடைய சர்வரையாவது கூட்டமாகப் போய் முடக்கும், கடவுச்சொல்லைத் திருடும்.

இது எதையும் செய்யவில்லை. சைமன்டெக் நிறுவனம் 2015 மார்ச் தொடங்கி மாதக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தது. இந்த பாட்நெட்டிலிருந்து ஒரு தாக்குதல்கூடக் கிளம்பவில்லை. மாறாக, புகுந்த சாதனத்தில், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் டெல்நெட் வாசலை அது மூடிவிட்டது. ஏற்கெனவே அங்கே குடியிருந்த வேறு மால்வேர்களைத் தேடிப்பிடித்துத் துரத்தியது. பிறகு யாராவது டெல்நெட் வழியாக உள்ளே வர முயன்றால், மேலும் தொற்று பரவாமலிருக்க டெல்நெட் மூடப்பட்டிருக்கிறது, அதை நிரந்தரமாக நிறுத்துங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள் என்று ஒரு செய்தியைக் காட்டியது. அதற்கு வைஃபாட்ச் என்று பெயர் வைத்தார்கள்.

கெட்ட புழுவை நல்ல புழுவால் விரட்டும் ஆசை கணினி உலகத்துக்குப் பழையது. 1971-இல் அர்பாநெட்டில் ஊர்ந்த க்ரீப்பரைத் துடைத்தெடுக்க ரே டாம்லின்சன் ரீப்பர் எழுதினார். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு விண்டோஸ் கணினிகளை ஆட்டிவைத்தபோது, ஒரே வாரத்தில் வெல்ச்சியா என்ற இன்னொரு புழு கிளம்பியது. அது பிளாஸ்டர் நுழைந்த அதே ஓட்டை வழியாக நுழைந்து, பிளாஸ்டரை அழித்து, மைக்ரோசாஃப்டின் திருத்தத்தைத் தரவிறக்கிப் போட்டது. 2004 பிறந்ததும் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. எண்ணம் நல்லதுதான். ஆனால் அடுத்த கணினியைத் தேடி அது அனுப்பிய பிங்குகளிலேயே வலையமைப்புகள் திணறின. ஏர் கனடாவின் செக்-இன் கவுன்டர்கள் தடுமாறின. அமெரிக்கக் கடற்படையின் உள் வலையமைப்பு தவித்தது. நோயைவிட மருந்து அதிகம் படுத்திய கதை அது. அதோடு இந்த ஆசை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, ஏனென்றால் களம் மாறிவிட்டது.

மேசைக் கணினிக்கு முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். மெதுவாகிவிட்டது, ஏதோ பெட்டி பெட்டியாகத் திரையில் வருகிறது என்றால் அவருக்குத் தெரியும். ரூட்டரின் முன்னால் யாரும் உட்காருவதில்லை. கடைக்குப் பின்சுவரில் மாட்டிய சிசிடிவி கேமராவையும், அதன் படங்களைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியையும் மாட்டிய அன்றைக்குப் பிறகு யாரும் தொடுவதில்லை. அவையும் கணினிகளே. உள்ளே லினக்ஸ் ஓடுகிறது; பிஸிபாக்ஸ் என்ற சிறு கருவித்தொகுப்பு அதன் கைகால்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே டெல்நெட் வாசல் திறந்திருக்கும். பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். சிலவற்றில் பாஸ்வேர்டே கிடையாது. இன்னும் சிலவற்றில் பாஸ்வேர்டை ஃபர்ம்வேருக்குள்ளேயே எழுதிவைத்திருப்பார்கள். உரிமையாளரே விரும்பினாலும் மாற்ற முடியாது. ஆன்டிவைரஸ் போட இடமில்லை. திருத்தம் வெளியிட நிறுவனத்துக்கு அக்கறையில்லை. போன வருடம் விற்ற மாடலை அது எப்போதோ மறந்திருக்கும்.

இந்தச் சாதனங்களின் இன்னொரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பகுதியில் வரும் எல்லாருடைய தலைவிதியையும் தீர்மானித்தது அதுதான். ஃபர்ம்வேர் ஒரு ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும். அதில் பெரும்பகுதி வழக்கமாகப் படிக்க மட்டுமே, எளிதில் எழுத முடியாது. உள்ளே நுழையும் மால்வேர் பெரும்பாலும் தங்குவது ரேமில். மின்சாரம் போய் வந்தால் ரேம் துடைத்த பலகை. மால்வேர் போய்விடும். ஆனால் பழைய அட்மின்-அட்மின் அப்படியே இருக்கும், டெல்நெட் மறுபடி திறக்கும். சில நிமிடங்களிலேயே அடுத்தவன் வந்துவிடுவான்.

இந்த உலகம் எவ்வளவு பெரியது என்பதை அளந்து காட்டியவரும் சட்டப்படி ஒரு குற்றவாளிதான். பெயர் தெரியாத அவர் 2012-இல் பூட்டில்லாத ரூட்டர்களுக்குள் நுழைந்து ஒரு பாட்நெட் கட்டினார். 4,20,000 சாதனங்கள். உடலின் உள்ளுறுப்புகளைக் காக்கும் ரோமானியத் தெய்வத்தின் பெயரைச் சூட்டி அதைக் கார்னா என்று அழைத்தார். அவற்றைக் கொண்டு ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்த்து, இணையத்துக்கே ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தினார். சாதனத்தின் சொந்த வேலை கெடக் கூடாது என்று தம் நிரலுக்கு மிகக் குறைந்த முன்னுரிமை கொடுத்தார். ரீஸ்டார்ட் செய்தால் தடமே இல்லாமல் போகும்படி விட்டார். 2013 மார்ச்சில் எல்லாத் தரவுகளையும் பொதுவில் வைத்துவிட்டு மறைந்தார். ஆய்வுக் கூடங்கள் அந்தத் தரவைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று நெடுநாள் வாதாடின. வாதாடிக்கொண்டே பலர் பயன்படுத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

கார்னா எண்ணியது. வைஃபாட்ச் காவலுக்கு நின்றது. அதைத் திறந்து பார்த்த சைமன்டெக் ஆய்வாளர்களுக்கு ஆச்சரியம் மேல் ஆச்சரியம். பெரும்பகுதி பெர்ல் மொழியில் எழுதப்பட்டிருந்தது. ரூட்டரில் பெர்ல் ஏது? எனவே அது தன் பெர்ல் இயக்கியைத் தானே சுமந்து திரிந்தது. படிப்பவரைக் குழப்பும் முயற்சி எதுவும் நிரலில் இல்லை. சுருக்கி மட்டுமே வைத்திருந்தார்கள். ஆய்வுக்கு உதவும் பிழைத்திருத்தக் குறிப்புகளைக்கூட அழிக்கவில்லை. திருட வருகிறவன் இப்படிச் செய்ய மாட்டான். நடுவே ரிச்சர்ட் ஸ்டால்மன் தம் மின்னஞ்சல்களின் கீழே வழக்கமாகச் சேர்க்கும் குறிப்பு ஒன்றும் இருந்தது: தம் அஞ்சலைப் படிக்கும் என்எஸ்ஏ, எஃப்பிஐ அதிகாரிகள் ஸ்னோடன் வழியில் நடப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். டஹுவா நிறுவனத்தின் டிவிஆர்களுக்கென்று தனியாக ஒரு பகுதி: வாரம் ஒருமுறை தானே ரீஸ்டார்ட் ஆகும்படி அது சாதனத்தை அமைத்துவிடும். அந்தப் பெட்டிகளில் மற்றவகையில் பாதுகாப்பு கொண்டுவர வழியில்லை. வாராவாரம் துடைத்தாவது விடுவோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

பிடிபட்ட சாதனங்கள் பல்லாயிரம். சைமன்டெக் கணக்கில் 32 விழுக்காடு சீனாவில், 16 விழுக்காடு பிரேசிலில், 9 விழுக்காடு இந்தியாவில். 2015 அக்டோபரில் சைமன்டெக் இதைப் பற்றி எழுதிய சில நாட்களிலேயே எழுதியவர்கள் வெளியே வந்தார்கள். முகத்தோடு அல்ல, வெள்ளை அணி என்ற பெயரோடு. நிரலின் மூலத்தைப் பொதுவில் வைத்தார்கள். கூடவே கேள்வி-பதில் வடிவில் ஒரு குறிப்பு. ஏன் எழுதினீர்கள்? கற்றுக்கொள்ள, புரிந்துகொள்ள, வேடிக்கைக்கு, கடைசியாக உங்கள் பாதுகாப்புக்கும் எங்கள் பாதுகாப்புக்கும். வரிசை அதுதான். எப்படி நுழைகிறீர்கள்? பெரிய வித்தை ஒன்றும் இல்லை, முட்டாள்தனமான சில பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்ப்போம். உங்களை நம்பலாமா? நம்பலாம், ஆனால் அதனால் பயனில்லை. எங்கள் சாவியை யாரேனும் திருடலாம், எங்கள் நிரலிலேயே ஓட்டை இருக்கலாம்.

இந்தக் கடைசிப் பதிலுக்காகவே வெள்ளை அணியின்மீது எனக்கு ஒரு மரியாதை உண்டு. வைஃபாட்ச் தன் எஜமானரின் கட்டளையை மட்டும் கேட்கும். கட்டளையில் மறைகுறியாக்கக் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செய்யும். ஆனால் கட்டளை என்னவாக இருக்கும்? இன்று காவல். நாளை? அந்தச் சாவி வைத்திருப்பவரின் மனத்தைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை. இதை எதிர்த்தரப்பு சொல்வதற்கு முன் அவர்களே சொன்னார்கள். தம் ரூட்டரை விற்ற எந்த நிறுவனமும் வாங்கியவரிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை.

அடுத்த ஆண்டு மிராய் வந்தது. போன பகுதியில் விரிவாகப் பார்த்தோம் என்பதால் இரண்டு வரி போதும்: அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு இணைகளைக் கையில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து, 2016 அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டின் நிறுவனத்தின் சர்வர்களை அடித்து, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவின் பல பகுதிகளில் கிடைக்காமல் செய்தது. அதற்கு முன்பே, செப்டம்பர் இறுதியில், அதன் மூல நிரலை எழுதியவர்கள் பொதுவில் கொட்டியிருந்தார்கள். ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அக்டோபரில் ரேப்பிடிட்டி நெட்வொர்க்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மிராயைப் பிடிக்கப் பொறி வைத்தார்கள். வேறொன்று விழுந்தது. மிராய் என்றால் ஜப்பானிய மொழியில் எதிர்காலம். இவர்கள் புதியதற்குத் தொடக்கம் என்ற பொருளில் ஹாஜிமே என்று பெயரிட்டார்கள். மிராய்க்குத் தலைமை சர்வர் ஒன்று வேண்டும், அதைப் பிடித்து நிறுத்தினால் படை ஓய்ந்துவிடும். ஹாஜிமேக்கு அப்படி ஒரு தலை கிடையாது. சினிமா தரவிறக்குவோருக்குப் பழக்கமான பிட்டோரன்ட் வலையின் மேலேயே அது சவாரி செய்தது; புதிய பகுதிகளும் கட்டளைகளும் ஒரு சாதனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிப் போயின. வெட்டுவதற்குக் கழுத்தே இல்லை.

ஆய்வாளர்கள் தங்கள் அறிக்கையில் ஹாஜிமேயின் நிரலில் இருந்த பிழைகளையும் பட்டியலிட்டார்கள். எழுதியவர் அதைப் படித்தார், பிழைகளைத் திருத்தினார். அதோடு, அவர்கள் வைத்த பெயரையே தமக்கும் வைத்துக்கொண்டார். அதன் பின் ஹாஜிமே புகுந்த சாதனங்களின் திரையில், ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு செய்தி வந்துபோனது: நான் ஒரு வெள்ளைத்தொப்பி ஹேக்கர், சில கணினிகளுக்குப் பாதுகாப்புச் செய்கிறேன், முக்கியச் செய்திகளில் இப்படிக் கையொப்பம் இருக்கும், இப்படிக்கு ஹாஜிமேயின் ஆசிரியர். ரூட்டரின் திரையை யார் பார்க்கிறார்கள்? ஆய்வாளர்களுக்காகவே எழுதிய கடிதம் அது.

மிராய் நுழையும் 23-ஆம் போர்ட்டையும், 7547, 5555, 5358 ஆகியவற்றையும் ஹாஜிமே அடைத்தது. 2017 ஏப்ரலில் காஸ்பர்ஸ்கி கணக்கில் அதன் பிடியில் ஏறத்தாழ மூன்று லட்சம் சாதனங்கள் இருந்தன. தாக்குவதற்கான பகுதி அதில் இல்லவே இல்லை. பரவுவதற்கான பகுதி மட்டும் நாளுக்கு நாள் கூர்மையானது. இங்கேதான் கண்ணை உறுத்துகிறது. வெள்ளை அணி மூலத்தை வெளியிட்டது, கேள்விகளுக்குப் பதில் சொன்னது. ஹாஜிமேயின் ஆசிரியர் தொடர்புக்கு வழியில்லை என்று அந்தச் செய்தியிலேயே அறிவித்துவிட்டார். வைஃபாட்ச் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி உரிமையாளரை எச்சரித்தது. ஹாஜிமே உரிமையாளரிடம் பேசவே இல்லை. 2018 மார்ச்சில் மைக்ரோடிக் ரூட்டர்களின் ஓட்டை ஒன்றைத் தேடி அது பெருவேகத்தில் இணையத்தைத் துழாவியது. காவலுக்கு வந்தவர் புதிய வீடுகளைத் தேடி இவ்வளவு ஆவலோடு அலைவானேன்? எதற்காகச் சேர்த்தார் என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

மேலும், ரீஸ்டார்ட் செய்தால் ஹாஜிமேயும் போய்விடும். அடைத்த போர்ட்டுகள் திறந்துகொள்ளும். பிறகு மிராய் முந்துகிறதா ஹாஜிமே முந்துகிறதா என்பது அதிர்ஷ்டம். ஒரே கேமராவில் காலையில் திருடன், மதியம் போலீஸ், இரவில் மறுபடி திருடன்.

இந்த முடிவில்லாத ஓட்டத்தைப் பார்த்து ஒருவர் பொறுமை இழந்தார்.

2017 மார்ச் 20 அன்று ராட்வேர் நிறுவனத்தின் பொறிகளில் விசித்திரமான தாக்குதல் ஒன்று பதிவானது. நான்கே நாளில் 1,895 முயற்சிகள். வழக்கமான பாஸ்வேர்டுகளைப் போட்டு உள்ளே வந்தது வரை எல்லாரையும் போலத்தான். வந்தபின் எதையும் தரவிறக்கவில்லை. ஃபிளாஷ் நினைவகத்தின் மேல் அர்த்தமற்ற பைட்டுகளை எழுதியது. இணைய அமைப்பைக் கெடுத்தது. கோப்புகளையெல்லாம் அழித்தது. கடைசியாக ரீஸ்டார்ட் செய்தது. அதன் பின் சாதனம் எழுந்திருக்காது. ராட்வேரின் பாஸ்கல் கீனன்ஸ் இதற்கு பிரிக்கர்பாட் என்று பெயரிட்டார். சாதனத்தைச் செங்கல்லாக்குகிறது என்று பொருள். மற்றவர்களெல்லாம் ரேமில் கூடாரமடித்தபோது இவர் ஒருவர்தான் ஃபிளாஷைத் தொட்டார். மின்சாரம் போய் வந்தாலும் கலையாத காவல் என்றால் கொலைதான் என்று முடிவுகட்டிவிட்டார்.

எழுதியவர் தம்மை ஜானிட்டர், அதாவது துப்புரவாளர், என்று அழைத்துக்கொண்டார். 2016-இன் மிராய் தாக்குதல்கள்தாம் தம்மை இதில் இறக்கின என்றார். அவரது வாதம் சுருக்கமானது: பாஸ்வேர்டைக்கூட மாற்ற முடியாத பொருளைச் செய்தவனும், விற்றவனும், வாங்கி மாட்டிவிட்டு மறந்தவனும் கேட்டால் கேட்கப் போவதில்லை. பொருள் செத்தால் கடைக்காரனிடம் திருப்பிக் கொண்டுபோவார்கள், கடைக்காரன் நிறுவனத்தைத் திட்டுவான், அப்போதாவது உறைக்கும். தம் திட்டத்துக்கு இணையக் கீமோதெரபி என்று பெயரும் வைத்தார்.

உறைத்தது யாருக்கு? அடுத்த மாதமே, ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் மலையோரச் சிற்றூர்களுக்கு இணைய இணைப்புத் தரும் சியர்ரா டெல் என்ற சிறு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு ஒரேயடியாக இணைப்பு போனது. ஸைக்ஸெல் மோடம்கள் செத்துக் கிடந்தன. நிறுவனம் மாற்று மோடம் கொடுத்து மீள இரண்டு வாரம் ஆனது. ஜூலை இறுதியில் இந்தியா. பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வாடிக்கையாளர்களின் 60,000-க்கும் மேற்பட்ட மோடம்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களைப் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னது. அட்மின்-அட்மின் என்று வந்த பெட்டியை அப்படியே வைத்திருந்தவர்களிடம்தான் சேதம் அதிகம். இரண்டுக்கும் தாமே காரணம் என்று ஜானிட்டர் உரிமை கொண்டாடினார். 7547-ஆம் போர்ட்டை வெளி உலகத்துக்குத் திறந்துவைத்தது நிறுவனத்தின் குற்றம் என்றும் சொன்னார்.

குற்றம் அங்கேதான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தண்டனை போய்ச் சேர்ந்த இடம் எது? பரீட்சை விண்ணப்பம் போட உட்கார்ந்தவர், சின்னக் கடைக்காரர், தட்டச்சு நிலையம் நடத்துபவர். அவர்களுக்கு டெல்நெட் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மின்விசிறி வாங்குபவர் மோட்டார் சுற்றக் கற்றுக்கொள்ள வேண்டுமா? ஜானிட்டர் தொழில் தெரிந்தவர், தொழிற்சாலைகளைப் பற்றி அவர் எழுதியதில் பொய் குறைவு. ஆனால் மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுக்கும் இணைப்பும் அந்த மோடம் வழியாகத்தான் போகிறதா என்று பார்க்க அவரிடம் வழியில்லை. பார்க்காமலே அழித்தார். இவரை நாயகனாக்கி எழுதிய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். அவற்றோடு என்னால் சேர முடியவில்லை.

2017 டிசம்பரில் அவர் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாதனங்களை அழித்ததாகச் சொல்லிக்கொண்டார். அந்த எண்ணுக்கு அவர் வாய்ச்சொல்லே சாட்சி. தம் நிரலின் ஒரு பகுதியையும் வெளியிட்டுவிட்டுப் போனார். அது நல்ல காரியமா என்பதற்கு விடை விரைவிலேயே கிடைத்தது: 2019 ஜூனில் சைலெக்ஸ் என்ற மால்வேர் சில மணி நேரத்தில் ஏறத்தாழ 2,000 சாதனங்களைச் செங்கல்லாக்கியது. பிரிக்கர்பாட்டைப் பார்த்தே அது பிறந்தது. எழுதியவன் பதின்வயதுச் சிறுவன். அவனுக்குக் கொள்கை ஏதும் கிடையாது, விளையாட்டாகத் தொடங்கியதாகச் சொன்னான்.

வைஃபாட்ச், ஹாஜிமே, பிரிக்கர்பாட் மூன்றையும் எழுதியவர்கள் யார் என்பது இன்றுவரை பொதுவில் தெரியாது. சட்டத்தின் கண்ணில் மூவருக்கும் வேறுபாடு பெரிதாக இல்லை. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவதையே தவறாக்குகிறது. அமெரிக்கச் சட்டமும் அப்படித்தான். பூட்டப்போனேன் என்பது அங்கே விடையாகாது.

ஆனால் அரசுகள் இவர்களிடமிருந்து பாடம் எடுத்துக்கொண்டன. ஜப்பான் 2018-இல் சட்டத்தைத் திருத்தி, அடுத்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து தன் தகவல்தொடர்பு ஆய்வு நிறுவனமே குடிமக்களின் சாதனங்களில் எளிய பாஸ்வேர்டுகளைப் போட்டுப்பார்க்க அனுமதித்தது. திறந்துகொண்டால் உள்ளே கைவைக்காமல் இணைப்பு நிறுவனம் வழியாக உரிமையாளருக்குத் தகவல் போகும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே எளிய பாஸ்வேர்டு போட்டு விற்பது சட்டவிரோதம். ஜானிட்டர் கடைக்காரன் வழியாகச் சுற்றிவளைத்துச் செய்ய நினைத்ததைச் சட்டம் நேராகச் செய்தது, ஒரு மோடமும் சாகாமல். ஏழு ஆண்டு தாமதமாக.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. வோல்ட் டைஃபூன் என்ற சீன அரசுசார் ஹேக்கர் குழு பழைய சிஸ்கோ, நெட்கியர் ரூட்டர்களில் பதுங்கியிருந்தபோது, எஃப்பிஐ நீதிமன்ற உத்தரவு பெற்று, அமெரிக்க வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த நூற்றுக்கணக்கான ரூட்டர்களுக்குள் புகுந்து மால்வேரை அழித்து, அது மறுபடி தொடர்புகொள்ளும் வழியை அடைத்தது. 2024 ஜனவரி 31 அன்று நீதித்துறை இதை அறிவித்தது. வைஃபாட்ச் செய்த அதே வேலை, கையில் வாரன்ட்டோடு. அறிவிப்பில் இருந்த எச்சரிக்கையும் பழையதுதான்: ரூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் நாங்கள் போட்ட தடுப்பு நீங்கிவிடும்.

அடுத்த பகுதியில் 2018 மே மாதத்துக்குப் போகிறோம். 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் ரூட்டர்களில் விபிஎன்ஃபில்டர் என்ற மால்வேர் கண்டுபிடிக்கப்பட்டது. உலகமே ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று எஃப்பிஐ வேண்டுகோள் விடுத்தது. அணைத்துப் போட்டாலும் அதன் முதல் அடுக்கு போகவில்லை.